நகரத்தின் பயன்பாட்டு வரி மெஷர்: கலிபோர்னியாவில் முதன்முறை வாக்களிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலிபோர்னியாவில் குடியுரிமை பெற்று முதன்முறையாக வாக்களிக்கவிருக்கும் தமிழர்கள் பலரும் அதிபர் தேர்தலுக்கும் ஆளுநர் தேர்தலுக்கும் நன்றாகவே ஆயத்தமாக இருப்பார்கள். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான், அதன் கடைசிப் பகுதியில் தங்கள் நகரத்தின் பெயரோடு ‘மெஷர்’ என்ற தலைப்பில், ஆம் அல்லது இல்லை என்று வாக்களிக்க வேண்டிய கேள்வி ஒன்று இருப்பதையும், மின்சாரம், எரிவாயு, தொலைபேசி ஆகியவற்றின் மீதான பயன்பாட்டு வரியைப் பற்றி அது கேட்பதையும் காண்பார்கள். விவரம் புரியாததால் அந்தக் கட்டத்தை நிரப்பாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விடக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை. அந்த வரி உங்கள் வீட்டு பில்லில் மாதந்தோறும் வரப்போகிறது. உங்கள் தெருவுக்குத் தீயணைப்பு வண்டி வந்து சேரும் நேரமும், பிள்ளைகள் போகும் நூலகம் திறந்திருக்கும் நாட்களும் அந்தப் பணத்தைச் சார்ந்தவை. பல நகரங்களில் சில ஆயிரம் வாக்குகளே முடிவைத் தீர்மானித்துவிடுகின்றன.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிது. அங்கே 2022 ஏப்ரலில் சொத்து வரி 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தப்பட்டபோது அது அரசின் ஆணையாக வந்தது. குடிமக்களிடம் வாக்கு கேட்கப்படவில்லை. கலிபோர்னியாவில் நகர மன்றம் தானாக ஒரு வரியை விதிக்கவோ உயர்த்தவோ நீட்டிக்கவோ முடியாது. 1978இல் மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பீட்டின் 1 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது; அந்த மதிப்பீடும் சொத்து கைமாறாத வரை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக்கூடாது என்றது. முதன்மை வருவாய் இவ்வாறு சுருங்கியதால் நகரங்கள் வேறு வரிகளை நாடின; பயன்பாட்டு வரி அவற்றில் முக்கியமான ஒன்று. 1996இல் நிறைவேறிய 218ஆம் முன்மொழிவு, எந்த உள்ளூர் வரியானாலும் வாக்காளர்களின் ஒப்புதல் வேண்டும் என்பதை மாநில அரசமைப்பிலேயே எழுதிவிட்டது. உங்கள் வாக்குச்சீட்டில் இந்தக் கேள்வி இடம்பெறுவதற்கு அதுவே காரணம்.

முதல் படி: உங்கள் பில்லை எடுத்துப் பாருங்கள்

தேர்தல் கையேட்டைத் திறப்பதற்கு முன்னால், கடைசியாக வந்த மின்சார, எரிவாயு பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிஜி அண்ட் ஈ என்ற மின்சார, எரிவாயு நிறுவனத்தின் பில்லில், முதல் பக்கத்தில் மொத்தத் தொகை மட்டுமே இருக்கும். உள்ளே விவரப் பக்கத்துக்குப் போனால், எத்தனை கிலோவாட் மணி, என்ன விலை என்ற கணக்கு முடிகிற இடத்தில், உங்கள் நகரத்தின் பெயரோடு ‘யூட்டிலிட்டி யூசர்ஸ் டாக்ஸ்’ என்று இந்தப் பயன்பாட்டு வரி தனியாகக் காட்டப்பட்டிருக்கும். சான் ஹோசேயில் குடியிருப்பவராக இருந்தால் அருகிலேயே 5.000% என்று விகிதமும் அச்சாகியிருக்கும். உங்கள் மின்சாரத்தைச் சான் ஹோசே கிளீன் எனர்ஜி, சிலிக்கான் வேலி கிளீன் எனர்ஜி போன்ற உள்ளூர் அமைப்பு கொள்முதல் செய்கிறது என்றால், மின்சாரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கான கட்டணத்தின் கீழ் ஒருமுறையும், மின் உற்பத்திக்கான கட்டணத்தின் கீழ் இன்னொரு முறையும் இந்த வரி தென்படும். இதைப் பார்த்து இரட்டை வரி என்று எண்ண வேண்டாம். கட்டணமே இரண்டாகப் பிரிந்திருப்பதால் வரியும் பிரிந்து வருகிறது.

அதே பக்கத்தில் எனர்ஜி கமிஷன் வரி, ஃபிரான்சைஸ் ஃபீ கூடுதல் கட்டணம், எரிவாயுப் பகுதியில் பொதுநலத் திட்டங்களுக்கான கூடுதல் கட்டணம் ஆகியவையும் இருக்கும். இவற்றுக்கும் நகரத்தின் பயன்பாட்டு வரிக்கும் தொடர்பில்லை. இந்த மெஷரில் நீங்கள் எப்படி வாக்களித்தாலும் அவை மாறப்போவதில்லை. அடுத்து கைபேசி பில்லிலும், நகரம் தண்ணீருக்கும் வரி விதிக்கிறது என்றால் தண்ணீர் பில்லிலும் இதே வரியைத் தேடிப் பாருங்கள். எங்குமே இல்லையென்றால், உங்கள் நகரம் இதைப் புதிதாகக் கேட்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஏற்கெனவே இருந்தால், கேள்வி நீட்டிப்பைப் பற்றியதாகவோ, விகித மாற்றத்தைப் பற்றியதாகவோ, வரிக்கு உட்படும் சேவைகளை விரிவாக்குவதைப் பற்றியதாகவோ இருக்கும்.

மாநிலத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நகரங்கள் இந்த வரியை வசூலிக்கின்றன. விகிதம் நகரத்துக்கு நகரம் பெரிதும் வேறுபடும். சன்னிவேலில் 2 சதவீதம், கூப்பர்டினோவில் 2.4, மவுண்டன் வியூவில் 3, ஓக்லாண்டிலும் பெர்க்லியிலும் 7.5, தெற்கே கல்வர் சிட்டியில் 11. ஒரே நகரத்திலும் சேவைக்கேற்ப விகிதம் மாறலாம்: சான் ஹோசேயில் மின்சாரம், எரிவாயு, தண்ணீருக்கு 5 சதவீதம் என்றாலும் தொலைபேசிக்கு 4.5 சதவீதம்தான்.

இரண்டாம் படி: நீங்கள் நகர எல்லைக்குள் இருக்கிறீர்களா?

தபால் முகவரியில் நகரத்தின் பெயர் இருப்பதால் மட்டும் நீங்கள் அந்த நகரத்தவர் ஆகிவிடமாட்டீர்கள். ஹேவர்டு என்று தபால் முகவரி கொண்ட செரிலேண்ட், ஃபேர்வியூ பகுதிகள் நகர எல்லைக்கு வெளியே, நேரடியாகக் கவுண்டியின் (மாவட்டம் போன்ற அமைப்பு) நிர்வாகத்தில் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்கள் ஹேவர்டு நகர மெஷரில் வாக்களிக்க முடியாது. நகரத்தின் பயன்பாட்டு வரியும் அவர்களுக்கு இல்லை. எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளுக்குச் சில கவுண்டிகளே தனியாக இத்தகைய வரி விதிக்கின்றன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கவுண்டி தேர்தல் அலுவலகத்தின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்தால் உங்கள் வாக்குச்சீட்டில் எந்த மெஷர்கள் இருக்கும் என்று காட்டிவிடும்.

மெஷருக்குச் சூட்டப்படும் ஆங்கில எழுத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்த எழுத்துகள் தேர்தலுக்குத் தேர்தல் மீண்டும் மீண்டும் வரும். லாஸ் ஏஞ்சலஸில் 2008 பிப்ரவரியில் ‘எஸ்’ என்ற எழுத்தில் வந்தது தொலைபேசி வரியை 10 சதவீதத்திலிருந்து 9 ஆக மாற்றும் கேள்வி. 2017இல் அதே நகரத்தில் ‘எஸ்’ என்று வந்தது கட்டுமானக் கட்டுப்பாடு பற்றிய கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் “மெஷர் இன்னதற்கு வாக்களியுங்கள்” என்று செய்தி வந்தால், எந்த நகரம், எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள்.

மூன்றாம் படி: எழுபத்தைந்து சொற்களை நிறுத்தி வாசியுங்கள்

வாக்குச்சீட்டில் அச்சாகும் கேள்வி 75 சொற்களுக்குள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வரியைப் பற்றிய கேள்வியானால் விகிதம், ஆண்டு வருவாய் எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்ற மூன்றும் அதற்குள் இடம்பெற வேண்டும். பெரும்பாலும் அது இந்த வார்ப்பில் வரும். கீழே உள்ளது எந்த நகரத்துடையதும் அல்ல. பழகிக்கொள்வதற்காக நான் எழுதிய மாதிரி.

“அவசர அழைப்புகளுக்குக் காவல், தீயணைப்புத் துறையினர் விரைந்து வருதல், சாலைப் பள்ளங்களைச் சீரமைத்தல், நூலகங்களைத் திறந்து வைத்தல், பூங்காக்களைப் பேணுதல் போன்ற பொதுவான நகரச் சேவைகளுக்காக, மின்சாரம், எரிவாயு, தொலைத்தொடர்பு, காணொளிச் சேவைகள் மீது 5% பயன்பாட்டு வரி விதித்து, வாக்காளர்கள் நீக்கும் வரை ஆண்டுக்குச் சுமார் 60 இலட்சம் டாலர் ஈட்டி, குறைந்த வருமானத்தினருக்கு விலக்கும் ஆண்டுத் தணிக்கையும் வழங்கும் சட்டத்தை ஏற்கலாமா?”

இதில் முதலில் கண்ணில் படுவது சேவைகளின் பட்டியல். அதைத் தாண்டி நான்கு இடங்களில் நின்று பாருங்கள். முதலாவது, “போன்ற பொதுவான நகரச் சேவைகளுக்காக” என்ற தொடர். பட்டியலில் உள்ளவை எடுத்துக்காட்டுகள்தாமே ஒழிய நகரத்தைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதி அல்ல என்பதை இது காட்டிக்கொடுக்கிறது. அடுத்த படியில் இதை விரிவாகப் பார்ப்போம். இரண்டாவது, “வாக்காளர்கள் நீக்கும் வரை” என்ற காலவரையறை. இதற்கு முடிவுத் தேதியே இல்லை என்பது பொருள். பின்னாளில் வரி வேண்டாம் என்றால் ஒன்று நகர மன்றம் முன்வர வேண்டும், அல்லது குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி அதைத் தேர்தலுக்குக் கொண்டுவர வேண்டும். 218ஆம் முன்மொழிவு அந்த உரிமையைத் தருகிறது என்றாலும் அது எளிய வேலை அல்ல. காலவரையறை உள்ள மெஷர்களும் உண்டு. யூனியன் சிட்டியில் 2020 நவம்பரில் ஏற்கப்பட்ட 5 சதவீத வரிக்கு 8 ஆண்டுகள் என்று எல்லை வைத்தார்கள். ஹேவர்டில் 2009 மே மாதம் 5.5 சதவீத வரி 10 ஆண்டுகளுக்கு ஏற்கப்பட்டது. 2016 ஜூனில் வாக்காளர்கள் அதை இன்னும் 20 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். காலவரையறை உள்ள வரியையே நான் விரும்புகிறேன். நகரம் மறுபடியும் நம் முன்னால் வந்து, பெற்ற பணத்துக்குக் கணக்குச் சொல்லிக் கேட்க வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்குகிறது.

மூன்றாவது, சேவைகளின் பெயர்கள்: எவற்றின் மீது வரி என்பது அங்கே இருக்கும். நான்காவது, ‘ஆம்’ என்பதன் விளைவு. வழக்கமாக ஆம் என்றால் வரி வரும் அல்லது தொடரும். ஆனால் வரியை நீக்கக் கோரும் மெஷரில் ஆம் என்றால் வரி போய்விடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு வாக்களித்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

நீட்டிப்பு மெஷர்களில் “விகிதத்தை உயர்த்தாமல்” என்ற சொற்கள் தவறாமல் வரும். அது உண்மைதான். ஆனால் மெஷர் தோற்றால் வரி காலாவதியாகி பில் குறையும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

நான்காம் படி: பொது வரியா, சிறப்பு வரியா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

நகர மன்றம் முன்வைக்கும் வரி பொது வரியாக இருந்தால், பதிவான வாக்குகளில் பாதிக்கு மேல் கிடைத்தால் போதும். குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று சட்டத்திலேயே கட்டுப்படுத்தப்பட்ட சிறப்பு வரியாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். மூன்றில் இரண்டு பங்கை எட்டுவது கடினம் என்பதால், பயன்பாட்டு வரிகளைப் பெரும்பாலான நகரங்கள் பொது வரியாகவே கொண்டுவருகின்றன. பொது வரியின் பணம் நகரத்தின் பொது நிதியில் கலந்துவிடும். அதன் பிறகு எந்தத் துறைக்கு எவ்வளவு என்பதை ஆண்டுதோறும் நகர மன்றம் முடிவு செய்யும். தீயணைப்புக்கு என்று நினைத்து நீங்கள் ஏற்ற வரி, ஓய்வூதியப் பாக்கியை அடைக்கப் போனாலும் சட்டப்படி குற்றமில்லை.

இதில் வஞ்சகம் எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை. ஒரு நகரத்துக்கு வறட்சி ஆண்டில் ஒரு தேவையும் தொற்றுநோய் ஆண்டில் வேறொரு தேவையும் வருவது இயல்பு. கை கட்டப்படாத பணம் அப்போது பயன்படும். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு வாக்களிக்க வேண்டும். துண்டறிக்கையில் தீயணைப்பு வீரரின் படத்தைப் பார்த்துவிட்டு, பணம் முழுவதும் அவர்களுக்கே போகும் என்று எண்ணக்கூடாது.

சில நகரங்கள் ஒரு நடுவழியைக் கையாள்கின்றன. பொது வரிக்கு ஒரு மெஷரும், அந்தப் பணத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்று மக்களின் விருப்பத்தைக் கேட்கும் அறிவுரை மெஷர் ஒன்றும் அருகருகே வரும். சாண்டா கிளாரா கவுண்டியில் 1996இல் விற்பனை வரிக்கு இப்படித்தான் செய்தார்கள். அது செல்லும் என்று 1998இல் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் அறிவுரை மெஷர் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. அது நிறைவேறினால் நகர மன்றத்தின் மீது தார்மீக அழுத்தம் இருக்கும், அவ்வளவே.

“குடிமக்கள் கண்காணிப்புக் குழு அமைக்கப்படும்” என்ற வாக்குறுதியையும் இதே அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு கணக்கைப் பார்த்து அறிக்கை தரலாம். பணத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் அதற்குப் பொதுவாக இருக்காது. “ஒரு டாலரைக்கூட மாநில அரசு எடுத்துக்கொள்ள முடியாது” என்று எழுதியிருந்தால் அது இந்த வரிக்கு மட்டுமான சிறப்பு அல்ல. 2010இல் நிறைவேறிய 22ஆம் முன்மொழிவு, உள்ளூர் வரிப் பணத்தில் மாநிலம் கைவைப்பதைத் தடுத்துவிட்டது.

ஐந்தாம் படி: சட்ட உரையையும் நகர வழக்கறிஞரின் பகுப்பாய்வையும் படியுங்கள்

தேர்தலுக்கு முன் வீட்டுக்கு இரண்டு கையேடுகள் வரும். மாநிலம் அனுப்புவதில் மாநில முன்மொழிவுகள் மட்டும் இருக்கும். நகர மெஷர்கள் கவுண்டி அனுப்பும் கையேட்டில்தான் இருக்கும். முன்பு எப்போதாவது மின்னஞ்சலில் அனுப்பும்படி நீங்கள் கேட்டிருந்தால் அச்சுப் பிரதி வராது. கையேட்டில் சட்டத்தின் முழு உரை அச்சாகாவிட்டால், கேட்டால் செலவில்லாமல் தபாலில் அனுப்புவார்கள். அதற்கான தொடர்பு விவரம் பகுப்பாய்வின் கீழேயே இருக்கும்.

நகர வழக்கறிஞர் எழுதும் பகுப்பாய்வு 500 சொற்களுக்குள் இருக்கும். அது சார்பற்றதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நேரம் குறைவாக இருப்பவர்கள் இதை ஒன்றையாவது படித்துவிட வேண்டும். வரி பொதுவா சிறப்பா, இப்போதுள்ள வரி எப்போது முடிகிறது, மெஷர் தோற்றால் என்ன ஆகும் ஆகியவற்றை இதில் நேரடியாகக் காணலாம்.

சட்ட உரையில் மூன்று பகுதிகளைத் தேடுங்கள். எவை வரிக்கு உட்படுகின்றன என்பதற்கான விளக்கம் முதலாவது. தொலைபேசி வரியைப் பல நகரங்கள் முன்பு கூட்டரசின் தொலைபேசித் தீர்வையை ஒட்டியே எழுதி வைத்திருந்தன. 2006இல் கூட்டரசு வருமான வரித்துறை தொலைதூர அழைப்புகளுக்கு அந்தத் தீர்வையை வசூலிப்பதை நிறுத்தியதும், நகரங்களின் சட்டங்கள் ஆட்டம் கண்டன. அதன் பின்னரே “நவீனமயமாக்கல்” என்ற பெயரில் பல மெஷர்கள் வந்தன. அவற்றில் விகிதத்தைச் சற்றே குறைத்து, குறுஞ்செய்தி, இணையவழி அழைப்பு போன்றவற்றையும் வரிக்குள் கொண்டுவந்தார்கள். விகிதம் குறைகிறது என்ற அறிவிப்பைக் கண்டால், அதனுடன் வரி விழும் பரப்பு விரிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

அடுத்தது விலக்குகள். மின்கட்டணத்தில் கேர் என்ற சலுகைத் திட்டத்தில் உள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பல நகரங்கள் விலக்கு அளிக்கின்றன. லாஸ் ஏஞ்சலஸில் வருமான வரம்புக்கு உட்பட்ட 62 வயது நிறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் விலக்கு உண்டு. பெற்றோரை அழைத்து வந்து வைத்திருக்கும் குடும்பங்கள், பில் யார் பெயரில் இருக்க வேண்டும், குடும்ப வருமானம் எப்படிக் கணக்கிடப்படும் என்ற நிபந்தனைகளை நுணுக்கமாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, நகர மன்றத்துக்கு விடப்பட்டுள்ள அதிகாரம். “5 சதவீதம் வரை” என்று எழுதியிருந்தால், மன்றம் இப்போது குறைவாக வசூலித்துவிட்டுப் பின்னர் மறுவாக்கெடுப்பு இல்லாமல் 5 வரை கொண்டுபோகலாம்.

ஆறாம் படி: உங்கள் குடும்பக் கணக்கைப் போடுங்கள்

மாதம் 280 டாலர் மின்சார, எரிவாயு பில் வரும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 5 சதவீத வரி 14 டாலர். கைபேசிக் குடும்பத் திட்டத்துக்கு 160 டாலர் கட்டுகிறார்கள் என்றால் அது முழுவதும் வரிக்கு உட்படாது: கருவிகளுக்கான தவணை வரிக்குள் வராது, இணைய அணுக்கத்துக்கான கட்டணத்தின் மீது வரி விதிக்க 1998ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டம் தடை விதித்திருக்கிறது, அந்தத் தடை 2016இல் நிரந்தரமாக்கப்பட்டது. அழைப்புச் சேவைக்கான பங்கு 50 டாலர் என்று வைத்தால் வரி 2.50. வீட்டு இணைய இணைப்புக்கு வரி இல்லை. கேபிள் தொலைக்காட்சி வரிக்குள் வரலாம். ஆனால் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கு உள்ளூர் வரி விதிக்க 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆக, இந்தக் குடும்பத்துக்கு மாதம் 16.50, ஆண்டுக்குச் சுமார் 198 டாலர். உங்கள் வீட்டுக்கு வரும் எண் இதைவிடக் குறையலாம், கூடலாம். அதைத் தெரிந்துகொள்ளாமல் முடிவெடுக்க வேண்டாம்.

இந்த வரி சதவீதத்தில் இருப்பதால், மின்கட்டணம் ஏறும்போதெல்லாம் வரியும் தானாக ஏறும். அதற்கு யாரும் புதிதாக வாக்குக் கேட்க வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் கலிபோர்னியாவின் மின்கட்டணம் ஏறியிருக்கும் வேகத்தை அறிந்தவர்களுக்கு இது சிறிய செய்தி அல்ல. மேலும், கூரையில் சூரியத் தகடு போட்ட சொந்த வீட்டுக்காரரின் பில் குறைவதால் அவருடைய வரியும் குறைகிறது. அதே தெருவில் பழைய அடுக்குமாடியில் மின்சார ஹீட்டருடன் வாடகைக்கு இருப்பவர் முழு வரியையும் கட்டுகிறார். இந்த வரியின் மீது எனக்குள்ள பெரிய குறை இதுவே. ஆகையால் குறைந்த வருமானத்தினருக்கு உறுதியான விலக்கு இல்லாத மெஷரை ஒருமுறைக்கு இருமுறை யோசித்தே ஏற்க வேண்டும் என்பேன்.

ஏழாம் படி: நகரத்தின் நிதிநிலையோடு ஒப்பிடுங்கள்

நகரத்தின் நிதியாண்டு ஜூலை 1ஆம் தேதி தொடங்கும். இணையதளத்தில் இருக்கும் நிதிநிலை அறிக்கை சில நூறு பக்கங்கள் வரும். முழுவதையும் படிக்கத் தேவையில்லை. பொது நிதியின் வரவு, செலவு அட்டவணைகளை மட்டும் எடுங்கள். மெஷர் ஈட்டித் தரும் தொகை மொத்த வரவில் எத்தனை பங்கு, காவலுக்கும் தீயணைப்புக்கும் எவ்வளவு போகிறது, இருப்பு நிதி எவ்வளவு, அடுத்த ஐந்தாண்டுக்கான மதிப்பீட்டில் பற்றாக்குறை காட்டப்படுகிறதா என்று பாருங்கள். பொது நிதியில் பத்தில் ஒரு பங்கைத் தரும் வரி காலாவதியானால் நிச்சயமாக ஏதோ ஒரு சேவை குறையும். நூறில் ஒரு பங்கு என்றால் “நூலகம் மூடப்படும்” என்ற எச்சரிக்கையைக் கேள்விக்கு உட்படுத்தலாம்.

நகரமே மின்சாரமும் எரிவாயுவும் வழங்கும் ஊர்களில் இன்னொரு வகைக் கேள்வியும் வரும். பாலோ ஆல்டோவில் 2022 நவம்பரில் வந்த மெஷர், நகர எரிவாயு நிறுவனத்தின் வருவாயில் 18 சதவீதம் வரை பொது நிதிக்கு மாற்றும் பழைய வழக்கத்துக்கு ஒப்புதல் கேட்டது. அது பயன்பாட்டு வரி அல்ல. ஆனால் உங்கள் பில் வழியாகவே நகரச் சேவைகளுக்குப் பணம் போகிறது என்பதால் இதே கேள்விகள் அதற்கும் பொருந்தும்.

எட்டாம் படி: இரு தரப்பு வாதங்களையும் துண்டறிக்கைகளையும் எடைபோடுங்கள்

கையேட்டில் ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் தலா 300 சொற்களுக்குள்ளும், மறுப்புரைகள் 250 சொற்களுக்குள்ளும் இருக்கும். அவற்றின் கீழே கையெழுத்திட்டிருப்பவர்கள் யார் என்று பாருங்கள். எதிர்ப்பு வாதமே இல்லாவிட்டால் எதிர்ப்பே இல்லை என்று பொருளல்ல. எழுத யாரும் முன்வரவில்லை என்பது மட்டுமே தெரிகிறது.

நகரமும் தன் பங்குக்குத் தகவல் அட்டைகளை அனுப்பும். பொதுப்பணத்தில் பிரசாரம் செய்ய அதற்கு உரிமையில்லை; தகவல் தரலாம். இந்த எல்லை எங்கே என்பதைக் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் விளக்கியதே ஒரு பயன்பாட்டு வரி வழக்கில்தான். சலினாஸ் நகரத்தில் 2002இல் இந்த வரியைப் படிப்படியாக நீக்கக் கோரும் மெஷர் ஒன்றைக் குடிமக்கள் கொண்டுவந்தார்கள். வரி போனால் எந்தெந்தச் சேவைகள் குறைக்கப்படும் என்று நகரம் பட்டியலிட்டு வெளியிட்டது. மெஷர் தோற்றது, நகரம் செய்தது பிரசாரம் என்று வழக்கு நடந்தது. அந்த வெளியீடுகள் தகவல் சார்ந்தவை, பிரசாரம் அல்ல என்று 2009இல் தீர்ப்பு வந்தது. இதற்கிடையில் அதே சலினாஸில் நிதி நெருக்கடி முற்றி, நகரத்தின் நூலகங்கள் அனைத்தையும் மூடும் நிலை வந்தது. 2005 நவம்பரில் வாக்காளர்கள் அரை சதவீத விற்பனை வரியை ஏற்ற பிறகே நூலகங்கள் பிழைத்தன. சேவைக் குறைப்பைப் பற்றிய எச்சரிக்கைகள் எல்லாமே மிரட்டல் என்று தள்ளிவிடுகிறவர்கள் சலினாஸை நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லா எச்சரிக்கைகளையும் அப்படியே நம்புகிறவர்களோ ஏழாம் படிக்குத் திரும்பிப் போக வேண்டும்.

ஒன்பதாம் படி: வாக்களியுங்கள்

தேர்தலுக்கு 15 நாட்கள் முன்னதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் வாக்கு மையத்திலோ கவுண்டி தேர்தல் அலுவலகத்திலோ நேரில் சென்று அன்றே பதிந்து வாக்களிக்கலாம். பதிவு பெற்ற எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வரும். நிரப்பி, உறையில் கையெழுத்திடுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் உள்ள கையெழுத்தோடு ஒத்துப்போகும்படி இடுவது நல்லது, தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றும் என்று மாற்றிப் போடுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்தல் நாள் இரவு 8 மணி வரை அதிகாரபூர்வ வாக்குப் பெட்டிகளில் போடலாம். கடைசி நேரத்தில் தபாலை நம்புவதைவிட இது பாதுகாப்பானது. உதவி தேவைப்படுகிறவர் இரண்டு பேர் வரை துணைக்கு அழைத்துப் போகலாம். முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ துணைக்கு வரக்கூடாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவர்களும் ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களும் நகர மெஷரில் வாக்களிக்க முடியாது. ஓட்டுநர் உரிமம் வாங்கும் இடத்தில் வாக்காளர் பதிவைப் பற்றிய கேள்வி வரும்போது, குடியுரிமை உண்டு என்று கைதவறிக்கூடக் குறித்துவிடாதீர்கள். பொய்யான குடியுரிமைக் கூற்று நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். ஆனால் வரி கட்டும் உங்களுக்குக் குரல் உண்டு. பொது வரியைத் தேர்தலுக்கு அனுப்ப நகர மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது ஐவர் கொண்ட மன்றத்தில் நால்வர், ஒப்ப வேண்டும். அந்த முடிவு எடுக்கப்படும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம். உள்ளாட்சிக் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் பிரவுன் சட்டப்படி, கூட்டத்துக்கு வருகிறவர் பெயரைப் பதிய வேண்டும் என்றுகூட நிபந்தனை போட முடியாது. விலக்கு வேண்டும், முடிவுத் தேதி வேண்டும் என்று கேட்க வேண்டிய இடமும் நேரமும் அதுவே. வாக்குச்சீட்டு அச்சான பிறகு ஒரு சொல்லையும் மாற்ற முடியாது.

மெஷர் நிறைவேறிய பிறகு

புதிய வரி பில்லில் தோன்றச் சில மாதங்கள் ஆகலாம். தோன்றியதும் மூன்றைச் சரிபாருங்கள்: விகிதம் சட்டத்தில் உள்ளதுதானா, வரிக்கு உட்படாத சேவைகள் மீதும் வசூலிக்கப்படுகிறதா, நீங்கள் நகர எல்லைக்குள் இருக்கிறீர்களா. கைபேசி வரி, நீங்கள் முதன்மையாகப் பயன்படுத்தும் முகவரியைப் பொறுத்தது. வீடு மாறியும் கணக்கில் பழைய முகவரி இருந்தால் பழைய நகரத்துக்கே வரி போய்க்கொண்டிருக்கும். எல்லையோரப் பகுதிகளில் அஞ்சல் குறியீட்டை வைத்துத் தவறான நகரத்தின் வரி விழுவதும் உண்டு. பிழை இருந்தால் முதலில் சேவை நிறுவனத்திடம் திருத்தச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே கட்டியதைத் திரும்பப் பெற நகரத்தின் நிதித்துறையிடம் எழுத்து மூலம் கோருங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். விலக்குக்குத் தகுதி இருந்தால் அது தானாக வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். பல நகரங்களில் விண்ணப்பம் தர வேண்டும், சிலவற்றில் ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் படிவம் நகர நிதித்துறையின் பக்கத்தில் இருக்கும்; பெற்றோருக்காக நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.